லட்டு மட்டும் போதுமா சார்?

போன ஞாயிறு தமிழ்ச் சங்கத்தில் காபி குடிக்கும்போது ஒரு நண்பர் ஆரம்பித்தார்: "சூரியக் காற்றை அளக்கிறாங்களாம். யாருக்கு என்ன பிரயோஜனம்?" 2023 செப்டம்பரில் ஆதித்யா எல்-1 கிளம்பியபோது குடியிருப்பு முழுக்க லட்டு கொடுத்தவரும் இவர்தான். ராக்கெட் வேணுமாம், அது கொண்டுவரும் கணக்கு வேண்டாமாம்!

நான் பி.காம். எனக்கே புரிந்த விஷயம் இது. சூரியன் ஓயாமல் புரோட்டான்களை ஊதித் தள்ளுகிறது, நொடிக்கு சுமார் 400 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில். எல்லாத் திசையிலும் ஒரே அளவா? துருவங்களுக்கு மேலே பறந்து நேரில் அளந்தது யுலிசிஸ் ஒன்றுதான். அதுவும் 2009-ல் ஓய்ந்தது.

1995 டிசம்பரில் கிளம்பிய சோஹோ விண்கலத்தில் ஸ்வான் என்றொரு கருவி. பிரான்ஸும் பின்லாந்தும் சேர்ந்து செய்தது. விண்மீன்களுக்கு இடையிலிருந்து ஹைட்ரஜன் அணுக்கள் சூரியக் குடும்பத்துக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. சூரியனின் புற ஊதா ஒளி பட்டு அவை 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் மினுங்கும். சூரியக் காற்றின் புரோட்டான் எதிர்ப்பட்டால் எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்த அணு மினுங்காது. ஆக, காற்று அதிகம் அடிக்கும் பக்கம் வானம் மங்கல். அங்கே போகாமலே ஆடிட் முடிந்தது!

ஆனால் ஒரு நாள் படம் போதாது. சூரியனின் சுழற்சியே சுமார் 11 வருஷம். அமைதியான வருஷங்களில் சூரியனின் நடுக்கோட்டை ஒட்டி ஒரு மங்கல் பட்டை தெரியும். சூரியன் கொதிக்கும் வருஷங்களில் அது கலைந்துபோகும். இன்றைய பேலன்ஸை மட்டும் பார்த்து எந்த மேனேஜராவது கடன் கொடுப்பாரா? பல வருஷ ஸ்டேட்மெண்ட் கேட்போமில்லையா? கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஸ்வான் எழுதிய ஸ்டேட்மெண்ட் அது.

பிரயோஜனம்தானே? 1989 மார்ச்சில் சூரியப் புயல் கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேரை இருட்டில் தள்ளியது. சூரியனின் முதுகுப் பக்கம் கொதிக்கும் இடம் இருந்தால், அந்தப் பக்கத்து ஹைட்ரஜன் கூடுதலாக மினுங்கும். அந்த இடம் நம் பக்கம் திரும்புமுன்பே ஸ்வானால் அதைக் காட்ட முடிந்தது. போதுமா?

2025 செப்டம்பரில் கிளம்பிய ஐமேப் விண்கலத்திலும் இதே மினுங்கலைப் பார்க்க ஒரு போலந்துக் கருவி போயிருக்கிறது. அவர்கள் நோட்டை மூடவில்லை.

நாமதான் ராக்கெட் ஏறியதும் டிவியை அணைத்துவிடுகிறோம். "அது அங்கே போய் என்ன பார்த்துச்சுப்பா?" என்று பிள்ளை கேட்டால், "மார்க் வருமா?" என்று வாயை அடைக்காதீர்கள். நாம லட்டோடு நிறுத்தினால் அதுவும் லட்டோடு நிறுத்திக்கொள்ளும்.