கரியாஹாட்டுக்கு அடியில் களிமண்

கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தைப் பகுதியில் பழைய கட்டிடங்கள் நெருக்கியடித்து நிற்பது வண்டல் களிமண்ணின் மீது. நிலநடுக்கங்களின் மையம் தொலைவில்தானே என்ற ஆறுதல் வீண். 1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பீடபூமியில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் கல்கத்தாவின் கட்டிடங்களையும் சேதப்படுத்தியது. 2025 மார்ச் 28 அன்று மியான்மர் குலுங்கியபோது, சுமார் 1,000 கிலோமீட்டருக்கு அப்பால், இதேபோன்ற மென்மண் நகரமான பாங்காக்கில் 30 மாடிகளுக்கு மேல் எழுப்பப்பட்டுவந்த கட்டிடம் நொறுங்கியது.

கொல்கத்தாவிலோ, நிலநடுக்கம்கூடத் தேவைப்படவில்லை. 2024 மார்ச்சில் கார்டன் ரீச்சில் விதிமீறிக் கட்டப்பட்டுவந்த அடுக்குமாடி அருகிலிருந்த குடிசைகள் மீது சரிந்து, பத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. விதிகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றைச் செயல்படுத்தும் மனம்தான் மாநகராட்சிக்கு இல்லை. கரியாஹாட்டின் ஒவ்வொரு கட்டிடத்தையும் ஆய்வு செய்து, முடிவை அதன் வாசலிலேயே ஒட்ட வேண்டும். அதைச் சாக்கிட்டு நடைபாதை வியாபாரிகளை 1996இல் விரட்டியதுபோல் மீண்டும் விரட்டுவது தீர்வாகாது. விரிசல் விட்டிருப்பது அவர்களுடைய கூடாரங்கள் அல்ல.