கதவை மூடும் காலம்



வருமானம் குறைந்த வீட்டில் முதலில் சுருங்குவது கடைக்குக் கொடுத்தனுப்பும் துண்டு. நாடும் அப்படித்தான். அந்நியச் செலாவணி குறைந்ததும் வெளியிலிருந்து வருவதை நிறுத்தப் பார்க்கிறது. "நம் நாட்டிலேயே செய்வோம்" என்ற பேச்சும் அப்போதுதான் பலமாகக் கேட்கிறது. அதை உடனே பிழையென்று நான் சொல்ல மாட்டேன். மூடிய கதவுக்குள்ளே யார் வாழ்ந்தார்கள், யார் வாடினார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் 1970 - 1977 ஆட்சிக் காலத்தை வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தேயிலை விற்ற பணம் இறக்குமதிக்குப் போதவில்லை. 1973இன் இறுதியில் எண்ணெய் விலை ஏறத் தொடங்கிச் சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. செத்தல் மிளகாய், வெங்காயம், துணிமணி என்று ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு வந்தது. பாணுக்கு விடியுமுன்பே வரிசை. சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. ஒரு மாவட்டத்து அரிசியை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டு போனால் வழியில் மறித்துச் சோதித்தார்கள்.

அதே ஆண்டுகளில் மருதமுனையில் தறிச் சத்தம் ஓயவில்லை. வெளிநாட்டுத் துணி வராததால் கைத்தறிச் சாரனுக்கும் சாரிக்கும் நல்ல கிராக்கி. நூல் சுற்றிக் கொடுத்த பெண்களின் கையிலும் காசு புழங்கியது. யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட கமக்காரர்கள் நிமிர்ந்தார்கள். 1977இல் ஆட்சி மாறியது, கதவு திறந்தது, மலிவுத் துணி வந்து குவிந்தது. பல தறிகள் ஓய்ந்தன. ஏழு ஆண்டுகள் மூடியிருந்த கதவை ஒரே வீச்சில் திறந்தபோது அந்த நெசவாளரை நினைத்தவர்கள் அதிகமில்லை. ஆனால் அவர் நிமிர்ந்திருந்த காலத்தில் அதற்கான விலையை யார் கொடுத்தார்? பெருநாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சட்டைத் துணி கிடைக்காமல் அலைந்த தாய்தான்.

2020இல் மஞ்சள் தடையை நாமே அனுபவித்தோம். தடை உத்தரவு ஒரே நாளில் அச்சாகிவிடும். மஞ்சளோ எட்டொன்பது மாதம் மண்ணில் கிடக்க வேண்டும். உள்நாட்டு விளைச்சலும் நம் தேவைக்குப் போதாது. கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்றது சில ஆயிரங்களைத் தொட்டது. மன்னார், கற்பிட்டிக் கடலில் கடற்படையினர் மஞ்சள் மூட்டைகளைப் பிடித்தார்கள். தங்கத்தைக் கடத்திய கதை கேட்டிருக்கிறோம்; கறிக்குப் போடும் மஞ்சளைப் படகில் கடத்தியதை அப்போதுதான் கண்டோம். கடைத் தூளில் மா கலந்தது வேறு.

அந்நாட்களில் சகோதரிகள் சிலர் கேட்ட கேள்வி: "இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், இது பதுக்கலாகுமா?" ஆகாது. குடும்பத்தின் தேவைக்குச் சேர்த்து வைப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. மக்கள் தவிக்கும்போது விலை ஏறட்டும் என்று வாங்கி முடக்கி வைப்பதே பாவம். அந்தப் பாவியை மிம்பரிலிருந்து கண்டிக்கிறோம், சரிதான். ஆனால் பதுக்கினால் கொள்ளை இலாபம் என்ற நிலையை ஓர் உத்தரவே உண்டாக்கிவிட்டால், கண்டனம் மட்டும் எவ்வளவு தூரம் போகும்?

கதவை மூடியும் டொலர் மிஞ்சவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசாங்கமே அறிவித்தது.

அவசரத்துக்கென்று மூடிய கதவு இலேசில் திறப்பதுமில்லை. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியில் தனியார் வாகனங்களுக்கு வழி பிறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார் ஓட ஓட விலை ஏறிய புதினத்தைப் பார்த்தோம். விற்க ஒன்று வைத்திருந்தவருக்கு அது நல்ல காலம். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல ஒரு முச்சக்கரவண்டி வாங்க நினைத்தவர் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்.