வெல்டரின் சான்றிதழ் யாருக்குச் சொந்தம்?

சென்னை கல்மண்டபத்திலிருந்து வடக்கே அத்திப்பட்டு வரை வெல்டிங் வேலைக்குப் பஞ்சமில்லை. காசிமேட்டில் இரும்பு விசைப்படகுக்குத் தகடு மாற்றுவதும், மணலி சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெய்க் குழாயை இணைப்பதும், அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையத்தின் கொதிகலன் குழாயைச் சரிசெய்வதும் வெல்டர்கள்தாம். ஆனால் ‘இவருக்கு வேலை தெரியும்’ என்று சொல்லும் வாய் இடத்துக்கு இடம் வேறு. சிறு பட்டறையில் அது மேஸ்திரியின் வாய்ச்சொல். ஆலையில் கான்ட்ராக்ட் நிறுவனம் எழுதும் தாள். கொதிகலனில் அரசின் சான்றிதழ். இந்த மூன்றில் நடுவில் உள்ள தாள், அதில் பெயர் உள்ள வெல்டருக்கே சொந்தமில்லை. அதை அவருக்குச் சொந்தமாக்கினால் தொழிலாளிக்கு மட்டுமல்ல, ஆலையின் பாதுகாப்புக்கும் நல்லது.

ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்புத் தகுதியோடு சேர்ந்து, ஓராண்டு வெல்டர் பிரிவில் படித்து வாங்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பயிற்சி முடித்ததற்கான அத்தாட்சி. குறிப்பிட்ட உலோகத்தில், குறிப்பிட்ட கனத்தில், குறிப்பிட்ட நிலையில் குறையில்லாமல் பற்றவைப்பார் என்பதற்கு அது சாட்சியாகாது. அதற்கென்று தனிச் சோதனை உண்டு. குழாய் வேலையில் பலரும் பெரிதாக மதிப்பது ‘6ஜி’. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிந்தும் நிமிர்ந்தும் பக்கவாட்டில் சாய்ந்தும் சுற்றிவர வேண்டும். ‘ரூட்’ எனும் அடி அடுக்கை ஆர்கான் வாயுவின் துணையோடு போட்டு, மேலே வெல்டிங் ராடால் நிரப்புவது பரவலான வழக்கம். ஆறிய பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அல்லது இணைப்பின் குறுக்கே பட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் ‘ப’ எழுத்தைப்போல வளைப்பார்கள். வளைந்த பரப்பில் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டி ஒரு வெடிப்பு தெரிந்தால் தோல்விதான்.

இந்தச் சோதனையை நடத்தும் அதிகாரம் யாருக்கு? குழாய், அழுத்தக் கலன் வேலைகளில் உலகெங்கும் புழங்குவது ‘ஆஸ்மி’ எனப்படும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பு. அதன் ஒன்பதாம் பிரிவு அந்தப் பொறுப்பை வேலைக்கு அமர்த்தும் நிறுவனத்திடமே கொடுக்கிறது. ஆலையின் ஆய்வாளரோ மூன்றாம் தரப்பு ஆய்வாளரோ அருகில் நின்று பார்த்துக் கையெழுத்திடலாம். ஆனால் சான்று நிறுவனத்துடையது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்த முறைக்கான தகுதி காலாவதியாகிவிடும். தொடர்ந்து செய்துவந்தார் என்பதற்கான பதிவேடும் நிறுவனத்தின் அலமாரியில்தான் இருக்கும். நிரந்தர ஊழியருக்கு இதில் குறையொன்றுமில்லை. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுனுக்கு ஷட்டவுன் கான்ட்ராக்டர் மாறும் வடசென்னைத் தொழிலாளியின் கதை வேறு. வேலை முடிந்து கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அவருடைய தேர்ச்சியும் உள்ளேயே தங்கிவிடுகிறது. அடுத்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து சோதனை. பத்து ஆண்டு அனுபவசாலியும் நேற்று வந்தவரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கூலி பேசும்போது கையில் காட்ட எதுவுமில்லாதவர், கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கு மாற்று நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1863-இல் கல்கத்தாவில் கொதிகலன் வெடித்துப் பலர் இறந்த பிறகு, 1864-இல் வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுச் சட்டம் வந்தது. 1923-இல் நாடு முழுவதற்குமான சட்டமும், 1950-இல் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளும் தொடர்ந்தன. 2025-இல் வந்த புதிய சட்டமும் பழுதுபார்ப்பைத் தகுதியுள்ளவரே செய்ய வேண்டும் என்கிறது. ஐ.பி.ஆர். என்று தொழிலாளர்கள் சொல்லும் அந்த 1950 ஒழுங்குமுறைகளின்படி, சோதனையில் தேறிய வெல்டருக்கு அவர் பெயரிலேயே இரண்டாண்டுச் சான்றிதழ் கிடைக்கிறது. ‘ஐ.பி.ஆர். வெல்டர்’ என்பது எந்த கேட்டிலும் மரியாதையோடு கேட்கப்படும் பெயரானதற்கு இதுவே காரணம். ஆனால் அதன் எல்லை கொதிகலனும் நீராவிக் குழாயும்தான். சேமிப்புத் தொட்டி, இரும்புக் கட்டுமானம், எண்ணெய்க் குழாய் ஆகியவை அதற்குள் வருவதில்லை.

இங்கே முதல் மறுப்பு பொறியாளர்களிடமிருந்து வரும்: குழாய் வெடித்தால் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம், வேறொருவர் கொடுத்த சான்றை அது ஏன் நம்ப வேண்டும்? நியாயமான கேள்வி. நிறுவனம் தன் சோதனையைக் கைவிட வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. பொதுச் சான்று அடிப்படையாக இருந்தால் நிறுவனத்தின் சோதனை சுருங்கும், முழுக்க மறையாது. அதோடு ஆஸ்மி விதியே பல நிறுவனங்கள் ஒரே சோதனையைக் கூட்டாக நடத்த இடம் கொடுக்கிறது. அமெரிக்க வெல்டிங் சங்கம் தரும் சான்றிதழோ, முறையாகப் புதுப்பித்துவந்தால், வேலை மாறினாலும் வெல்டரோடு போகிறது. பொறுப்பும் சான்றும் ஒரே கையில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவது மறுப்பு, அரசு நடத்தினால் காசுக்குச் சான்று விற்பார்கள் என்பது. அந்த அச்சம் வீணானதல்ல. ஆனால் இன்றைய முறையிலும் அந்த ஆபத்து உண்டு. வேலையை அவசரமாக முடிக்க வேண்டிய கான்ட்ராக்டரே தேர்வாளராகவும் இருக்கும்போது ‘பாஸ்’ போடும் ஆசை அவருக்குத்தான் அதிகம். வெல்டிங்கில் ஒரு வசதி, தேர்வின் சாட்சியம் கண்ணால் பார்க்கக்கூடியது. எக்ஸ்ரே பிலிமையும் வளைத்த பட்டையையும் எண்ணிட்டுப் பாதுகாத்தால், சந்தேகம் வரும்போது யாரும் எடுத்துப் பார்க்கலாம். படிக்காத அனுபவசாலிகள் விலக்கப்படுவார்கள் என்ற கவலைக்கும் பதில் உண்டு: கைத்திறனைக் கையால் சோதித்தால் போதும்; விளக்கம் தமிழிலும் இந்தியிலும் வாய்மொழியாக இருக்கட்டும்.

இதற்கான ஆற்றலை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. திருச்சி பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1966-இல் தொடங்கிய இந்திய வெல்டிங் கழகம் இருக்கிறது. வெல்டர் சோதனைக்கு ஐ.எஸ். 7310 என்ற இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. இவற்றின் துணையோடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதியில் ஒரு பொதுச் சோதனைக் கூடத்தை மாநில அரசு அமைக்கலாம். அதற்குக் காலமும் பணமும் தேவைப்படும் என்பது உண்மை. காசு செலவில்லாத முதல் அடி ஒன்று இருக்கிறது. மணலி ஆலையும் மின் நிலையங்களும் துறைமுகங்களும் தங்கள் டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: வேலையை விட்டுப் போகும் ஒவ்வொரு வெல்டருக்கும், அவர் தேறிய சோதனையின் பதிவையும் கடைசியாக எந்த முறையில் எப்போது வெல்டிங் செய்தார் என்ற விவரத்தையும் கையெழுத்திட்டு கான்ட்ராக்டர் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லாமல் கடைசி பில் பாஸாகக் கூடாது.