படித்த கைக்கு இழைப்பு இழுக்கா?

“படிக்காட்டில் பெட்டி இழைக்கத்தான் சரி” என்று பிள்ளைகளை வெருட்டும் வீடுகள் யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. கைவேலைக்கு அறிவு தேவையில்லை, அதன் காலமும் முடிந்துவிட்டது என்ற இரண்டு பொய்கள் அந்த வெருட்டலுக்குள் இருக்கின்றன.

வட்டுக்கோட்டையிலும் இவற்றை நம்புவதுதான் பெருங்கொடுமை. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே செமினரி தொடங்கினார்கள். அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். 1887 இல் அவர் அச்சேற்றிய கலித்தொகை அதுவரை உயிர்பிழைத்திருந்தது பனையோலை ஏடுகளில். ஓலையைப் பதமறிந்து வெட்டி, உலர்த்தி, மழமழப்பாக்கிய கைகள் இல்லாவிட்டால் அவர் பதிப்பிக்க எதுவும் மிஞ்சியிராது.

ஒரு கடகப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். பனையோலையை வெயிலில் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, மூலை பிசகாமல் இழைக்கவேண்டும். அகலம் சற்றுக் கூடினாலும் பெட்டி கோணும். பிறகு மட்டையில் உரித்த நாரால் விளிம்பைப் பொத்தவேண்டும். எந்தப் பருவத்து ஓலை எதற்கு உதவும் என்ற கணிப்பு, அளவு, பொறுமை எல்லாம் அறிவில்லாமல் வருமா?

காலம் முடிந்ததா? பனைக்கு நாம் நீர் இறைப்பதில்லை. வேலியில் இற்றுப்போன ஓலையைத் தோட்டத்தில் தாழ்த்துப் பசளையாக்கினார்கள் நம் முன்னோர். உடைந்த பிளாஸ்டிக் வாளியையோ எரிக்கிறோம், அல்லது புதைக்கிறோம். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மேலே சேரும் நஞ்சு அதன் வெடிப்புகளூடே கிணற்றுக்குத்தான் இறங்கும். 2017 செப்டெம்பரில் சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட்டை அரசு தடைசெய்தது. தடை ஒரு பொருளை நிறுத்தும். மாற்றுப் பொருளைச் செய்து தரக் கைகள் வேண்டும்.

பிளாஸ்டிக் மலிவு என்பார்கள். குப்பை அள்ளும் செலவும் கெட்டுப்போகும் கிணறும் விலையில் சேராததால் வந்த மலிவு அது. இழைத்துப் பிழைக்க முடியாது என்பது மட்டும் உண்மை. அதற்குக் குற்றவாளி தொழில் அல்ல. நாள்முழுக்க இழைத்த பெண்ணிடம் பேரம் பேசும் நாமும், பனைத்தொழில்மீது நாம் குத்திய சாதி முத்திரையும்தான்.

1978 இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. மனம் மாறாத ஊரில் அவை தனித்து எதைச் சாதிக்கும்? கணிதம் படிக்கும் பிள்ளை பாடசாலையிலேயே இழைக்கவும் படிக்கட்டும். ஊரில் இழைப்பவரே ஆசிரியருக்குரிய சம்பளத்தோடும் மரியாதையோடும் வந்து கற்பிக்கட்டும். சாதியைச் சொல்லி அதைத் தடுப்பவர்கள், பிள்ளையின் எதிர்காலத்துக்காகத்தான் என்று இனிமேல் சொல்லவேண்டாம்.