உம்மும்மாவின் ஓராட்டும் எங்கள் வீட்டுக் கணினியும்

சென்ற வருட விடுமுறையில் என் உம்மும்மா பாடிய பதினொரு பாட்டுகளை எங்கள் வீட்டுக் கணினியில் பதிவு செய்தேன். ஓராட்டு, நெல் குத்தும்போது படித்த கவி, கல்யாண வீட்டுக் குரவை என்று எல்லாம் கலந்திருந்தன. இன்று என்னிடம் இருப்பவை நான்கு. மற்ற ஏழும் போய்விட்டன. உம்மும்மாவும் வபாத்தாகிவிட்டார்.

கேட்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் ஆறுதல் சொல்கிறார்கள். "பழைய கொம்பியூட்டர் அப்படித்தான், புதிசு ஒன்று வாங்குங்கள்" என்கிறார்கள். இதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அந்தக் கணினி பழையதாய் இருந்ததால் பாட்டுகள் போகவில்லை. நாங்கள் அதைப் பார்த்துக்கொள்ளாததால் போயின.

நடந்தது இதுதான். பதிவு முடிந்த சில மாதங்களில் கணினி ஆமை போலாகிவிட்டது. காக்கா அதைக் கடைக்குக் கொண்டுபோனார். நான் போகவில்லை; என்னை அனுப்பவுமில்லை. கடைக்காரர் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார், "வேண்டிய பைல் ஏதும் இருக்கா?" என்று. "படம்தான் கிடக்கு, அழிங்க" என்றாராம் காக்கா. பாட்டுகளை நான் டெஸ்க்டொப்பிலே போட்டு வைத்திருந்தேன். டெஸ்க்டொப் இருப்பது சி டிரைவுக்குள். விண்டோஸைப் புதிதாகப் போடச் சி டிரைவை போர்மட் செய்தார்கள். டி டிரைவில் இருந்த காக்காவின் கிரிக்கெட் கேம் பத்திரமாக இருந்தது! அழிந்ததை உடனே கண்டு கணினியை நிறுத்தியிருந்தால், மீட்பு மென்பொருள் மூலம் சிலவற்றையாவது எடுத்திருக்கலாம். நான் தேடிப் பார்த்ததே இரண்டு வாரத்துக்குப் பிறகு. அதற்குள் அந்த இடத்தில் வேறு எத்தனையோ எழுதப்பட்டுவிட்டது. மிஞ்சிய நான்கும், மாமியின் மகளுக்குக் கொடுக்கவென்று பென் டிரைவில் ஏற்றியவை.

குரல் பதியும் கணினிக்கும் கடிதம் தட்டும் கணினிக்கும் வித்தியாசம் உண்டு. நான் பாவிப்பது ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள். அதில் சாதாரண அமைப்பில் ஒரு மைக்கில் ஒரு நிமிடம் பதிந்தால் ஏறத்தாழ 10 மெகாபைட். ஒரு மணித்தியாலத்துக்கு 600 மெகாபைட்டைத் தாண்டும். திரும்பத் திரும்பப் பதிந்தால், வெட்டி ஒட்டினால் இன்னும் கூடும். குரல் ஒரு நொடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, நிற்காமல் வட்டில் எழுதப்படுகிறது. அந்நேரம் பின்னாலே வைரஸ் தேடலோ அப்டேட்டோ ஓடினால், அல்லது வட்டு நிரம்பி மூச்சுத் திணறினால், பாட்டின் நடுவே "டக் டக்" என்று வெட்டு விழும். உம்மும்மாவின் முதற் பதிவில் அப்படி விழுந்தது. மைக்தான் பழுது என்று நினைத்து வாப்பாவைப் புது மைக் வாங்க வைத்தேன். மைக்கில் ஒரு குறையும் இருக்கவில்லை. வைபையை நிறுத்தி, வேண்டாத புரோகிராம்களை மூடியதும் வெட்டு நின்றது. வாப்பா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அடுத்தது தூசி. எங்கள் ஊர் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக் காற்றும் மணலும் பெட்டிக்குள் போய் ஃபேனில் அப்பிக்கொள்கின்றன. சூடு கூடக் கூட ஃபேன் வேகமாகச் சுற்றும். அந்த இரைச்சலை மைக் அப்படியே பிடிக்கும். நான் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பல்லி முட்டையும் இருந்தது. வயரைக் கழற்றிவிட்டு, ஃபேன் சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்ட வேண்டும். வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும். உம்மா டோர்ச் பிடித்தார். பிடித்துக்கொண்டே, "கரண்டுச் சாமானில கை வைக்காத மனே, காக்கா வரட்டும்" என்றும் சொன்னார்.

பெற்றோரிடம் நான் சொல்ல வந்தது இதைத்தான். தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் எங்களுக்கு 'ஏ' வர வேண்டும் என்கிறீர்கள். கணினியின் பாகங்களைப் படம் கீறிப் பெயர் குறிக்கிறோம். வீட்டில் அதே பெட்டியின் நான்கு ஆணியைக் கழற்ற மட்டும் ஆண்பிள்ளை வேண்டுமா? அதற்குள் என்ன இருக்கிறது என்று அறிந்தவள் நான். கடைக்காரரின் கேள்விக்குப் பதில் சொன்னவர் அறியாதவர். காக்காவை நான் குறை சொல்லவில்லை. அவர் அதற்காக அழுதும்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னிடம் வந்திருக்க வேண்டும்.

பாட்டு, இசை என்றதும் முகம் சுளிப்பவர்களும் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. நான் பதிந்தது வாத்தியம் இல்லாத வாய்ப்பாட்டு, அதுவும் வீட்டுக்குள் கேட்க.

பிரதி எடுப்பதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. மூன்றாவதன் அர்த்தம் கிழக்குக் கரையில் இருக்கும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் உம்மும்மாவின் கல்யாணப் போட்டோவைக் கடல் கொண்டுபோனது. இருந்தது ஒன்றே ஒன்று. இப்போது பாட்டுகள் கணினியில் டி டிரைவிலும், பென் டிரைவிலும், கண்டியில் இருக்கும் சாச்சியின் வீட்டிலும் இருக்கின்றன.

எங்களுடையது விண்டோஸ் 10. 2025 ஒக்டோபர் 14உடன் அதற்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்திவிட்டார்கள். 11ஐ இந்தப் பெட்டி ஏற்காது. அதனால் இதை எறியத் தேவையில்லை. இன்டர்நெட்டிலிருந்து பிரித்து, பதிவுக்கு மட்டும் என்று வைத்துவிட்டோம். முன்பைவிட வேகமாகவே ஓடுகிறது.

மிஞ்சிய நான்கில் ஒன்றில், பாட்டுக்கு முன் உம்மும்மா கேட்பது பதிவாகியிருக்கிறது: "என்ட சத்தம் இந்தப் பொட்டிக்குள்ளயா மனே இரிக்கி?" பின்னால் ஃபேன் இரைகிறது. இரைச்சலை நீக்க முடியும், ஆனால் அதோடு குரலும் கொஞ்சம் மெலிந்துவிடுகிறது. செய்து பார்த்துவிட்டு, பழையதையே வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு மூத்தம்மாவுக்கும் ஓராட்டு தெரியுமாம். வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஃபேனை ஒருமுறை துடைத்து, வட்டில் இடம் ஒதுக்க வேண்டும். காக்காவின் கேம் போய்த்தான் ஆக வேண்டும். இந்தத் தடவை அவரிடம் முதலில் கேட்டுவிட்டேன்.