துவைக்கும் இடத்திற்கு ஓர் அலமாரி

நம் இல்லம்

புதிதாக வீடு கட்டும்போது திருஇருதய ஆண்டவரின் படத்தை எங்கே நிறுவுவது என்று முதலில் எண்ணுகிறோம். அடுத்துக் கூடம், சமையலறை, படுக்கையறை என ஒவ்வொன்றையும் வீட்டார் அனைவரும் கூடிப் பேசி முடிவு செய்கிறோம். துணி துவைக்கும் இடத்தைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. எல்லாம் முடிந்தபின் எஞ்சிய மூலை எதுவோ, அதுவே துவைக்கும் இடம். சோப்புத்தூள் சன்னல் விளிம்பில், அழுக்குத் துணி தரையில், துவைத்த துணி நாற்காலியின்மேல் என்று அங்கே ஒவ்வொன்றும் தனக்குத் தானே இடம் தேடிக்கொள்கிறது. அந்த மூலையில் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது குனிந்து நிமிரும் தாயின் முதுகைப் பற்றி நாம் எண்ணுவதே இல்லை.

காவிரியின் கரையில், பவானிக்கு எதிரே அமைந்த குமாரபாளையத்தை எடுத்துக்கொள்வோம். படித்துறைக்குச் சென்று துவைத்து வருவது அங்கே பழைய தலைமுறையின் வழக்கம். பின்னர் கொல்லைப்புறத்தில் துவைக்கும் கல் வந்தது. ஆற்றில் சாயக் கழிவு கலக்கிறது என்ற குறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் சலவை இயந்திரம் வந்துவிட்டது. ஆறு கொடுத்த அகன்ற இடம் போய், ஐந்துக்கு ஆறு அடி மூலையில் அத்தனை வேலையும் அடங்க வேண்டியதாயிற்று. அந்த மூலைக்கேற்ப ஓர் அலமாரி செய்துகொள்வது ஆடம்பரம் அன்று. இடத்தையும் உடல் நலத்தையும் காக்கும் வழி அது.

அலமாரி என்றதும் பலர் கடையில் ஆயத்தமாக நிற்பதை வாங்கி வந்து சுவரோரம் நிறுத்துவர். அது எவருடைய வீட்டையும் எண்ணிச் செய்யப்பட்டதன்று. துவைக்கும் இடத்திலோ நீர்க்குழாய் ஒருபுறம், கழிவுநீர்க் குழி மறுபுறம், சரிந்த தரை, ஈரச் சுவர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமான தடைகள். ஆகவே தச்சரை வீட்டிற்கே அழைத்து, இடத்தைக் காட்டி, அளந்து செய்விப்பதே நன்று.

எதை அளப்பது? சுவரை அளக்குமுன் அங்கே வேலை செய்பவரை அளக்க வேண்டும். துணி மடிக்கும் பலகை, நின்றிருப்பவரின் முழங்கையைவிட 3 அல்லது 4 அங்குலம் தாழ்ந்திருந்தால் தோளும் முதுகும் வருந்தா. ஐந்தடி உயரமுள்ள பெண்மணிக்கு இது ஏறத்தாழ 34 அங்குலம். நல்ல தச்சர், "அம்மா, கையை மடக்கிச் சற்று நின்று காட்டுங்கள்" என்று கேட்டு அளவு குறித்துக்கொள்வார். அவர் கேட்காவிடில் நாமே சொல்லலாம். வீட்டில் பலர் துவைப்பதாயின் உயரத்தில் குறைந்தவரின் அளவையே கொள்க. உயரமானவர் சற்றுக் குனியலாம்; குள்ளமானவர் தம் தோளை உயர்த்தி நெடுநேரம் வேலை செய்ய இயலாது.

வேலை செய்பவரின் உடலுக்கும் நடைக்கும் ஏற்ப அறையை அமைக்க வேண்டும் என்ற கருத்தை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி என்னும் பெண்மணி. செருமனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடும்பங்களுக்காக எழுந்த வீடுகளுக்கு 1926-ஆம் ஆண்டில் அவர் ஒரு சமையலறையை வகுத்தார். அதன் நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.9 மீட்டர் மட்டுமே. அலமாரிகள் சுவரோடு பொருத்தப்பட்டிருந்தன. துணி தேய்க்கும் பலகை சுவரிலிருந்து மடங்கி இறங்கும். மாவு வைக்கும் இழுப்பறைகளைப் புழு அண்டாத ஓக் மரத்தில் செய்வித்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. சிறிய இடம் தடையன்று, அளவும் மரமும் வேலைக்குப் பொருந்தினால் போதும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனிச் சுவருக்கு வருவோம். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, மூன்றிலும் சிறியதையே கணக்கில் கொள்க. நம் சுவர்கள் பெரும்பாலும் முழு நேராக இருப்பதில்லை. துவைக்கும் இடத்தின் தரை நீர் வடிவதற்காகச் சரிந்திருக்கும். எனவே உயரத்தைத் தரையிலிருந்து குறிக்காமல், ரசமட்டம் வைத்துச் சுவரில் ஒரு நேர்கோடு வரைந்து, அந்தக் கோட்டிலிருந்து குறிக்க வேண்டும். குழாய், மின்செருகி, கழிவுநீர்க் குழி ஆகியவற்றின் இடத்தையும் தாளில் வரைந்துகொள்க. இயந்திரத்தின் பக்கங்களில் 2 அங்குலமும், பின்புறம் குழாய் மடங்காதிருக்க 4 முதல் 6 அங்குலமும் இடம் விடுக. மேல்மூடியைத் திறந்து துணி போடும் வகையானால், மூடியை முழுதும் திறந்து வைத்து அதன் உச்சியை அளந்து, அதற்கு மேலேதான் சுவர் அலமாரி தொடங்க வேண்டும். இதை மறந்த வீடுகளில் மூடி பாதியே திறக்கும்.

எடுத்துக்காட்டாக, 6 அடி, அதாவது 72 அங்குல நீளமுள்ள ஒரு சுவரைக் கொள்வோம். முன்புறம் கதவுள்ள இயந்திரம் ஏறத்தாழ 24 அங்குல அகலம் இருக்கும். இருபுறமும் விடும் இடத்தோடு 28 அங்குலம். மூலைக் குழாய்க்கு 4 அங்குலம் தள்ளினால் எஞ்சுவது 40 அங்குலம். இங்கே 34 அங்குல உயரத்தில் ஒரு கீழ்ப்பெட்டி அமைத்து அதை மூன்று அறைகளாகப் பிரிக்கலாம். பலகைகளின் கனம் போக ஒவ்வோர் அறைக்கும் 12 அங்குலத்திற்குச் சற்று மேல் கிடைக்கும். வெள்ளைத் துணி ஒன்றில். வண்ணத் துணி மற்றொன்றில். சாயம் விடும் புதுத் துணி மூன்றாவதில். கைலியும் படுக்கை விரிப்பும் நெய்யும் ஊரில், புதுத் துணியின் சாயம் வெள்ளைச் சட்டையில் ஏறும் துன்பத்தை விளக்க வேண்டியதில்லை. இந்த அறைகளுக்குக் கதவு வேண்டா. கம்பிக் கூடையோ பிரப்பங்கூடையோ வைத்தால் காற்று புகுந்து, ஈரத் துணியில் பூஞ்சணம் பிடிக்காது.

மேலே, தரையிலிருந்து 54 அங்குல உயரத்தில், 12 அங்குல ஆழமுள்ள சுவர் அலமாரி வரட்டும். இதற்குக் கதவு கட்டாயம் வேண்டும். விசைத்தறி ஓடும் தெருக்களில் பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். திறந்த தட்டில் வைத்த வெள்ளைத் துணி ஒரே நாளில் மங்கிவிடும். கீழே திறப்பு, மேலே அடைப்பு: ஈரத்திற்குக் காற்று, தூய்மைக்குக் காவல். இதுவே இந்த அமைப்பின் நெறி.

பலகையைத் தேர்வதில்தான் பலர் பணத்தை இழக்கின்றனர். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை விலை குறைவு; பார்வைக்கும் அழகு. ஆனால் ஓரத்தில் நீர் புகுந்தால் ஊதிப்போகும்; பின்னர் திருகாணி அதில் நில்லாது. துவைக்கும் இடத்திற்கு அது ஆகாது. பிளைவுட் வாங்கும்போது தாளின்மேல் அச்சிட்டுள்ள இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். 710 என்ற எண்ணுடையது நீரைத் தாங்கும் ஒட்டுப்பசையால் ஆனது. 303 என்ற எண்ணில் இரு வகை உண்டு. ஈரப்பதத்தை மட்டும் தாங்கும் வகை படுக்கையறைக்கு ஏற்றது, இங்கே உதவாது. கூட்டிற்கு 18 மில்லிமீட்டர் கனமும், முதுகுப் பலகைக்கு 6 மில்லிமீட்டர் கனமும் போதும். எந்தத் தட்டும் இரண்டரை அடிக்குமேல் தாங்கலின்றி நீள வேண்டா. நாளடைவில் நடுவே தொய்ந்துவிடும். மேற்சொன்ன அளவுகளுக்கு 8 அடிக்கு 4 அடித் தாள் மூன்று தேவைப்படலாம்.

எவ்வளவு உயர்ந்த பலகையானாலும் அறுத்த ஓரமே அதன் பலவீனம். நீர் முகத்தின் வழியே புகுவதைவிட ஓரத்தின் வழியே விரைவில் புகும். ஆகையால் ஒவ்வோர் ஓரத்திற்கும் பிரைமர் பூசி, மைக்காப் பட்டையோ மரச்சட்டமோ ஒட்டச் சொல்லுங்கள். கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தையும் விடலாகாது. கீழ்ப்பெட்டி தரையைத் தொடாமல் 4 அங்குலக் கால்களின்மேல் நிற்கட்டும். பிளாஸ்டிக்கிலோ துருவேறா எஃகிலோ ஆன, திருகி உயர்த்தக்கூடிய கால்கள் சரிந்த தரைக்கு மிகவும் ஏற்றவை. கழுவிவிடும் நீர் அடியில் ஓடிவிடும். கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

செலவு கைக்கு மிஞ்சினால் மனம் தளர வேண்டியதில்லை. கூடு முழுவதையும் கடப்பைக் கல் பலகைகளால் எழுப்பலாம். நீர் அதை ஒன்றும் செய்யாது, கரையானும் அண்டாது. 2018-ஆம் ஆண்டிலும் 2022-ஆம் ஆண்டிலும் ஆகஸ்டு மாதத்தில் காவிரி பெருக்கெடுத்தபோது குமாரபாளையத்தின் கரையோர வீடுகளில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய தாழ்ந்த இடங்களில் கீழ்ப்பகுதியைக் கல்லாலும் மேற்பகுதியை மட்டும் மரத்தாலும் செய்வதே அறிவுடைமை. வாடகை வீட்டில் வாழ்வோர் சுவரோடு நிலையாகப் பதிக்காமல், திருகாணிகளால் பூட்டி, வீடு மாறும்போது கழற்றிச் செல்லும்படி செய்வித்துக்கொள்ளலாம். இயந்திரமே இல்லாத வீட்டிலும் துவைக்கும் கல்லுக்கு அருகில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் பலகை வைத்தால், வாளியைத் தரையிலிருந்து தூக்கும் துன்பம் பாதியாகும்.

பொருத்தும் நாளில் வீட்டார் ஒருவர் உடனிருப்பது நல்லது. சுவர் அலமாரியைத் தனித்தனித் திருகாணியில் தொங்கவிடாமல், முதலில் நீண்ட குறுக்குக் கட்டை ஒன்றைச் சுவரில் பல இடங்களில் இறுக்கி, அதன்மேல் அலமாரியை அமர்த்தி, மேலேயும் பிணைக்க வேண்டும். துளையிடுமுன் சுவருக்குள் மின்கம்பியும் குழாயும் ஓடும் தடத்தை விசாரித்தறிக. கூடு சதுரமாக அமைந்ததா என்று அறிய, மூலைக்கு மூலை குறுக்காக இருபுறமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் கதவுகள் ஒழுங்காக மூடும். கீழ்ப்பெட்டி இயந்திரத்தைத் தொடாதிருக்கட்டும். இயந்திரத்தின் அதிர்வு நாளடைவில் திருகாணிகளைத் தளர்த்திவிடும். மின்செருகி இயந்திரத்தின் பின்னே மறையாமல், நீர் தெறிக்காத உயரத்தில், நில இணைப்புடன் இருக்க வேண்டும். மின்கசிவு நேர்ந்தால் தானே நின்றுவிடும் காப்புச் சாதனத்தை மின்பணியாளரிடம் கேட்டுப் பொருத்துங்கள்.

இவை அனைத்திலும் தலையாயது குழந்தைகளின் காவல். சுவர் அலமாரியின் ஓர் அறைக்குப் பூட்டு வையுங்கள். பிளீச்சிங் பவுடரும், குளியலறை கழுவும் அமிலமும், சாயப் பொருள்களும் பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பிளீச்சிங் பவுடரும் அமிலமும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும். எனவே இரண்டையும் ஒரே தட்டில் அருகருகே வைக்கலாகாது. எந்தத் திரவத்தையும் பழரசப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டொழியுங்கள். தாகமெடுத்த குழந்தைக்குப் புட்டிதான் தெரியும். உள்ளிருக்கும் நஞ்சு தெரியாது.

நம் ஆண்டவர் இயேசுவைத் தச்சர் என்றே ஊரார் அறிந்திருந்தனர் என மாற்கு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர் ஏர்களையும் நுகங்களையும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைச்சாட்சி புனித யுஸ்தீன் எழுதி வைத்துள்ளார். மாட்டின் கழுத்தை அளந்து செய்யாத நுகம் அதன் தோலை உரித்துவிடும் என்பதை நம் உழவர் அறிவர். தம் நுகம் இனியது என்று ஆண்டவர் கூறிய இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல்லுக்கு, நன்கு பொருந்துவது என்ற பொருளையும் விரிவுரையாளர் சிலர் காட்டுவர். சுமப்பவரின் உடலை அறிந்து செய்வதே அன்பின் தொழில்.

ஆகவே இந்த அலமாரியைச் செய்வித்தபின் இரண்டு கடமைகள் எஞ்சும். ஒன்று, தச்சருக்குரிய கூலியைப் பேசியபடியே, வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுவது. கூலியை மறுநாள் விடியும்வரை நிறுத்தி வைக்கலாகாது என்பது பழைய ஏற்பாட்டிலேயே இறைவன் விதித்த சட்டம். மற்றொன்று, அழுக்குத் துணியை உரிய கூடையில் இடுவதையும், உலர்ந்ததை மடித்து அடுக்குவதையும் தந்தையும் பிள்ளைகளும் தம் வேலையாக ஏற்பது. எல்லாருடைய துணியும் அங்கே சேரும்போது, உழைப்பு மட்டும் ஒருவருடையதாக இருப்பது நியாயமன்று.