மூன்றாவது வாரம்

எங்கள் தில்லி ஃபிளாட்டின் பால்கனியில் ஒரு டிரெட்மில் நிற்கிறது. அதன் மேல் துணி காய்கிறது. பக்கத்தில் ஸ்கிப்பிங் கயிறு, யோகா பாய், ஒரு ஜோடி டம்பெல். ஒவ்வொன்றும் ஒரு சபதத்தின் நினைவுச் சின்னம். எந்தச் சபதமும் மூன்றாவது வாரத்தைத் தாண்டியதில்லை.

சோம்பேறி என்றார் அப்பா. மன உறுதி போதாது என்றாள் மனைவி. நானும் நம்பினேன். போன வருடம் பள்ளியில் சொன்னார்கள் என்று மகனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவனுக்காகக் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதி என்னைப் பற்றியவையாக இருந்தன. இந்தக் கவனக்குறைபாடு, ஏ.டி.எச்.டி., பெரும்பாலும் மரபுவழி வருவது என்றார் டாக்டர். நாற்பத்திரண்டு வயதில் எனக்கும் அதே சீட்டு.

மூன்றாவது வாரத்தின் மர்மம் அன்றுதான் புரிந்தது. ஆர்வத்தையும் முயற்சியையும் தூண்டும் டோபமைன் என்ற ரசாயனம் இந்த மூளையில் வேறு மாதிரி வேலை செய்கிறது. புதுசு என்றால் பாய்கிறோம். பழகியதும் இழுவிசை போய்விடுகிறது. பத்து வருடம் கழித்து வரக்கூடிய சர்க்கரை வியாதி இன்று காலை யாரையும் படுக்கையிலிருந்து எழுப்புவதில்லை. வேடிக்கை என்னவென்றால், உடற்பயிற்சி சிறிது நேரத்துக்காவது கவனத்தைக் கூர்மையாக்குகிறது. மருந்துக்கு அது மாற்று அல்ல, நல்ல துணை. யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்கே அது கைநழுவுகிறது.

'மைக்கேல் ஃபெல்ப்ஸைப் பார்' என்பார்கள். ஒன்பது வயதில் ஏ.டி.எச்.டி. என்று கண்டறியப்பட்டவர், ஒலிம்பிக்கில் 28 பதக்கங்கள் வென்றார். உண்மைதான். ஆனால் அவர் தனியாக நீந்தவில்லை. பதினோரு வயதிலிருந்து பாப் போமன் என்ற கண்டிப்பான பயிற்சியாளர் கூடவே இருந்தார். போகலாமா வேண்டாமா என்று தினமும் யோசிக்கும் வேலை அந்தப் பையனுக்கு இல்லை.

எனக்குக் கிடைத்த போமன், கீழ் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. காலை ஆறு மணிக்கு பாட்மின்டன் மட்டையோடு அழைப்பு மணி அடிப்பார். எழுந்திருப்பதைவிட அவரிடம் சாக்குச் சொல்வது கஷ்டம். ஷூவும் சாக்ஸும் இரவே வாசலுக்குப் போய்விடும். பாட்மின்டன் அலுத்தால் சைக்கிள், அதுவும் அலுத்தால் மாடிப்படி. மாற்றுவது குற்றமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு முறையும் குறைந்தது பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் அதுவும் கைவிட்டது. ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

நவம்பரில் தில்லிக் காற்று நஞ்சானது. பதினெட்டு நாள் ஆட்டம் நின்றது. முன்பென்றால் கதை அத்தோடு முடிந்திருக்கும். 'எத்தனை நாள் விடாமல் செய்தீர்கள் என்று எண்ணாதீர்கள். எத்தனை தடவை திரும்ப ஆரம்பித்தீர்கள் என்று எண்ணுங்கள்' என்றார் டாக்டர். இந்த வருடம் ஐந்து தடவை.

பாதியில் நின்ற ஹோம்வொர்க்கோடு மகன் நேற்று எதிரே வந்து நின்றான். அப்பா என்னைச் சொன்ன வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, 'வாடா, ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் மாடிப்படி ஏறிட்டு வந்து மறுபடி ஆரம்பிக்கலாம்' என்றேன்.